மருந்து கெட்டிக்கும் நேரம்

சுட்டாயிற்று, விழுந்தாயிற்று, இனி செத்துக் கிடப்பதைத் தவிர எனக்கு வேலை ஒன்றும் இல்லை, இந்தச் சுகத்துக்கே டைரக்டர் மேகலா மேடத்துக்கு ஒரு கும்பிடு போட வேண்டும், பிணம் கையைத் தூக்கக் கூடாது என்பதால் மனசுக்குள்ளேயே போட்டுக்கொள்கிறேன். இடது கன்னத்துக்குக் கீழே தேரி மணல். திருச்செந்தூர்ப் பக்கத்து இந்தச் செம்மண் காடு மத்தியானம் கால் வைக்க விடவில்லை, இப்போது வெயில் சாய்ந்ததும் தவிட்டு ஒத்தடம் வைத்த மாதிரி இருக்கிறது, காலையிலிருந்து ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற தோள்பட்டை மெல்ல மெல்ல இறங்குகிறது. வாயோரம் கொஞ்சம் மணல், அது இருக்கட்டும். கண் திறந்திருக்கிறது. நான் கண் திறந்த பிணம். கண்ணை மூடிக்கொண்டு சாவதற்கு எந்த ஜூனியர் ஆர்ட்டிஸ்டாலும் முடியும், இமைக்காமல் சாக நாகபூஷணத்தைக் கூப்பிடு என்று கோடம்பாக்கத்து ஏஜெண்டுகள் சொல்கிற அளவுக்கு இந்தத் தொழிலில் எனக்கு ஒரு பெயர் உண்டு. இந்தப் படத்தில் நான் ஒரு பாளையக்காரர் படையில் கடைநிலை வீரன், வசனம் கிடையாது, ஆனால் ஒரு விசேஷம் உண்டு. எதிர் வரிசை மறுபடி துப்பாக்கியில் மருந்து கெட்டித்து இரண்டாம் தடவை சுட்டதும் கிரேன் கேமரா இறங்கி வந்து என் முகத்தில் நிற்கும். இத்தனை வருஷமாகச் செத்துக்கொண்டிருக்கிறேன், முகம் முழுசாக ஒரு படத்திலும் வந்ததில்லை. என் வீட்டுக்காரி சகுந்தலா டிவியை நிறுத்தி நிறுத்திப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் காட்டுவாள், "அந்தா, வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால ஒரு கால் தெரியுது பாருங்க, அது இவரு." இனி அவள் காலைக் காட்ட வேண்டியதில்லை. கேமரா இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது, ஒரு முறை இமைத்துக்கொள்ளலாம், இமைத்துக்கொண்டேன்.

எதிரே டமாரம் அடிக்கிறது, சிவப்புக் கோட்டு வரிசை மருந்து கெட்டிக்க ஆரம்பித்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படை என்றால் வெள்ளைக்காரர்கள் என்று நான் நினைத்திருந்தேன், மேடம் முக்கால்வாசி நம்ம ஆட்களுக்கே கோட்டு மாட்டிவிட்டார், அப்படித்தான் இருந்ததாம். மேடத்துக்கு எல்லாம் அப்படித்தான் இருந்ததாம் என்பதுபோல் இருக்க வேண்டும், துப்பாக்கி உள்பட. மற்ற படங்களில் அந்தக் காலத்துச் சண்டைக்கு யாரோ ஒரு பழைய போலீஸ் துப்பாக்கியை வாடகைக்கு எடுத்து வருவார்கள், கதாநாயகன் தையல் மிஷின் ஓட்டுவதுபோல் சுட்டுக்கொண்டே போவார், மருந்து போடுவதில்லை, குண்டு போடுவதில்லை, மழை கொட்டும், அதிலும் வெடிக்கும். ஒரு படத்தில் ஒரே சத்தத்துக்கு நானும் என் கூட்டாளி மொய்தீன் பாயும் இன்னொருத்தனும் சேர்ந்து செத்தோம். "ஒரு குண்டுக்கு மூணு பேரா, மொத்த வியாபாரம் போல இருக்கே" என்றார் பாய், செத்த வாயால். போதாததற்கு இடுப்பில் கயிற்றைக் கட்டிப் பின்னால் இழுப்பார்கள், குண்டு பட்டவன் பறந்துபோய் விழ வேண்டும். மேடம் முதல் நாளே கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டார். "அடிபட்டவன் பறக்க மாட்டாண்ணே. காலுல பலம் போயி அப்படியே சரிவான், அவ்ளோதான்." இந்த ஒரு வார்த்தைக்காக என் இடுப்பெலும்பு அந்தப் பெண்ணுக்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறது. பிறகு பயிற்சி. காகிதப் பொட்டலத்தைப் பல்லால் கிழி, துப்பாக்கியின் பக்கவாட்டில் இருக்கிற கிண்ணியில் ஒரு சிட்டிகை மருந்து, மீதியைக் குழாய் வாயில் கொட்டு, காகிதத்தையும் திணி, குழாயின் அடியில் சொருகியிருக்கிற இரும்புக் கம்பியை உருவிக் குத்திக் கெட்டி, கம்பியைத் திரும்ப அதே இடத்தில் சொருகு, குறி பார், சுடு. சிக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி விழுந்ததும் கிண்ணியில் புஸ்ஸென்று ஒரு புகை, அந்தத் தீ ஊசித் துளை வழியாக உள்ளே போனதும் குழாயில் டமால். குண்டு மட்டும் கிடையாது, மற்றதெல்லாம் நிஜம். சில சமயம் புஸ்ஸோடு நின்றுவிடும், டமால் வராது. உதவி இயக்குநர்கள் தலையில் கை வைத்தார்கள், மேடத்துக்கு அதிலும் சந்தோஷம்தான். "அப்பவும் இப்படித்தான். புகையிலயும் சத்தத்துலயும் சுட்டவனுக்கே தெரியாது, தன்னோடது வெடிச்சுதா பக்கத்துல உள்ளது வெடிச்சுதான்னு. வெடிக்காதது வெடிக்காததாவே இருக்கட்டும்." நடுவில் கட் கிடையாது. மருந்து கெட்டிக்கும் நேரம் முழுவதும் படத்தில் இருக்க வேண்டும், அந்த நேரத்துக்குள்தான் நம் ஆட்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள், அதை வெட்டிவிட்டால் அவர்கள் ஓடியதற்கே அர்த்தம் இல்லை என்பார். ஒரே ஒரு விஷயத்தில்தான் விட்டுக்கொடுத்தார். இரண்டு வரிசையும் இன்னும் தள்ளி நிற்க வேண்டுமாம், ஃபிரேமில் அடங்காது என்று கேமராமேன் சொன்னதால் பாதி தூரத்துக்கு நெருங்கி நின்றோம், அதனால்தான் எனக்கு நேர் எதிரே நிற்கிற பிச்சாண்டியின் மூக்கில் வேர்ப்பது வரைக்கும் தெரிகிறது.

பிச்சாண்டி திருவண்ணாமலைக்காரன், பேனருக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தவன், அந்த வேலை போனதும் யூனியனில் சேர நான்தான் சிபாரிசு செய்தேன். இரண்டு பெண் குழந்தைகள். தீபாவளிக்கு அவர்கள் பட்டாசு வெடிப்பார்கள், இவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான், அப்படிப்பட்டவன் கையில் துப்பாக்கி. குறி பார்க்கிற கட்டம் வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான், தலைக்கு மேலே குறி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், கண் மூடியதும் குழாய் தானாகத் தாழும். நேற்று சாப்பாட்டு நேரத்தில்கூடச் சொன்னேன், பயந்தா பக்கத்து ஆளோட கையப் பாரு, அவன் செய்யறத செய், வரிசைல நிக்கிறவன் தனியாத் தெரியக் கூடாது, தப்பே செஞ்சாலும் எல்லாரோடயும் சேந்து செய். "சரிண்ணா" என்றான். அப்படியேதான் செய்கிறான், பார்வை முழுக்கப் பக்கத்து ஆளின் கையில் இருக்கிறது, அவன் கிழித்தால் இவன் கிழிக்கிறான், அவன் கொட்டினால் இவன் கொட்டுகிறான், மருந்து கோட்டில் சிந்துகிறது, பரவாயில்லை. வரிசை முழுவதும் கம்பியை உருவியது. பிச்சாண்டியின் கை குழாயின் அடியில் போய்த் தடவியது, தடவியது, பிறகு முஷ்டியை மூடிக்கொண்டு மேலே வந்து, எல்லோரோடும் சேர்ந்து மேலும் கீழும் குத்தியது. முஷ்டிக்குள் ஒன்றும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, பிணம் சிரிக்கக் கூடாது, அடக்கிக்கொண்டேன். கெட்டிக்காரன், கம்பியைக் கீழே போட்டுவிட்டான் போல, ஷாட்டைக் கெடுக்காமல் வெறும் கையால் சமாளிக்கிறான், தொழில் படிந்துவிட்டது. காதோரம் ஏதோ ஊர்கிறது, எறும்பாக இருக்கும், போ தாயே, உள்ளே போகாமல் இரு. சகுந்தலாவுக்கு நான் சாகிற வேலைக்குப் போகிறேன் என்று சொன்னாலே பிடிக்காது, படப்பிடிப்பு முடிந்து வீட்டுக்குப் போனால் வாசலிலேயே நிறுத்தி உப்பு மிளகாய் சுற்றிப் போடுவாள். பெரிய நடிகர்களுக்கு அந்தக் கவலை இல்லை, செத்து முடித்ததும் அந்த இடத்திலேயே எழுப்பிக் கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்கச் சொல்வார்கள், தோஷம் கழிந்துவிடும். கும்பலாகச் சாகிற எங்களுக்கு அந்த மரியாதை கிடையாது, எங்களை எழுப்பினால் உடனே டீ குடிக்கப் போய்விடுவோம், கேமராவுக்கும் வேறு வேலை இருக்கும். அந்தக் கம்பி எங்கே.

கீழே போட்டிருந்தால் கீழே கிடக்க வேண்டும். தரையில் கிடப்பவனுக்குத் தரைதான் நன்றாகத் தெரியும், எதிர் வரிசையின் கால்கள் எல்லாம் தெரிகின்றன, துணிப்பட்டி சுற்றிய கால்கள், மணலில் புதைந்த செருப்புகள், கிழித்துத் துப்பிய காகிதத் துணுக்குகள்கூடத் தெரிகின்றன, கம்பி இல்லை. பளபளவென்று ஆள் இடுப்பைத் தாண்டுகிற நீளத்துக்குக் கம்பி, மணலில் விழுந்தால் மறைகிற சாமானா அது. சரி, யாராவது எடுத்துவைத்திருப்பார்கள். நடு ஷாட்டில் யார் எடுப்பார்கள். முதல் தடவை கெட்டித்தபோது கம்பி இருந்தது, நான் பார்த்தேன், அப்போது நான் உயிரோடு இருந்தேன், அவன் குத்தினான், பக்கத்து ஆள் அதற்குள் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான், இவனும் அவசரமாகத் தூக்கிவிட்டான். தூக்கிவிட்டான். சொருகினானா. தப்பே செய்தாலும் எல்லோரோடும் சேர்ந்து செய் என்று சொன்னது யார். சே, சொருகாமல் இருந்தால் முதல் தடவை சுட்டபோதே கம்பி ஈட்டி மாதிரி பாய்ந்து வந்து எதிரே இருந்தவனை, எதிரே இருந்தவன் நான், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே, நன்றாகத்தானே செத்துக் கிடக்கிறேன். அந்த நொடியை மறுபடி பார்க்கிறேன். வரிசை முழுவதும் புஸ், வரிசை முழுவதும் டமால், நான் சரிந்தேன். பிச்சாண்டியின் கிண்ணியில் புகை வந்தது. குழாய் வாயில் வந்ததா. வரவில்லை. வரவில்லை என்று கண் பார்த்தது, கால் கேட்கவில்லை, என் முறை வந்ததும் விழுந்துவிட்டது, எத்தனை வருஷத்துப் பழக்கம், சுட்டாலும் சுடாவிட்டாலும் நேரம் வந்தால் நான் விழுவேன். விழாமல் நின்றிருந்தால் யாராவது ஏன் நிற்கிறாய் என்று கேட்டிருப்பார்கள், அவன் துப்பாக்கி வெடிக்கவில்லை என்று தெரிந்திருக்கும். நான் அழகாக விழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டேன். குழாய் வாயில் ஏதோ மினுங்குகிறது. மருந்தாக இருக்கும், வெயிலாக இருக்கும், என் கண்ணாக இருக்கும், இமைக்காத கண்ணில் எல்லாமே மினுங்கும். நான் எழுந்து, அது வெறும் வெயில் என்று ஆகிவிட்டால், முந்நூறு பேர், குதிரைகள், சாய்கிற வெளிச்சம், எல்லாம் வீண், நடு ஷாட்டில் எழுந்த பிணத்தை எந்த ஏஜெண்டும் மறுபடி கூப்பிட மாட்டான். அப்படி ஒருத்தன் இருந்தான், தேள் கடித்து எழுந்தான், இப்போது எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. அதோடு என் முகம், இன்னும் சற்று நேரத்தில் கேமரா இறங்கப்போகிற என் முகம். தலைக்குப் பின்னால் மணலில் காலடி ஓசை. மொய்தீன் பாய். கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, நான் நின்ற இடத்தில் நின்று, இரண்டாம் தடவை சுடும்போது என் தலைமாட்டில் விழ வேண்டும், அதுதான் அவருக்குக் கொடுத்திருக்கிற வேலை. சர்க்கரை வியாதிக்காரர், இடுப்பில் பிஸ்கட் பொட்டலம் முடிந்துவைத்திருப்பார், பாதியை எனக்கு வைத்திருப்பார். மேலே மூச்சு வாங்குகிறது, வந்து நின்றுவிட்டார். டமாரம் நின்றது. துப்பாக்கிகள் உயர்ந்தன. பிச்சாண்டி கண்ணை மூடினான், குழாய் தாழ்ந்தது, அதன் வாயில் வட்டமாக ஒரு இரும்புத் தலை என்னைப் பார்த்தது, அது வெயில் இல்லை.

எழுந்தது எப்படி என்று தெரியவில்லை, முட்டி வலி எங்கே போனதோ. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாய்க்கு முன்னால் நிற்கிறேன், தொண்டையில் மணலோடு கத்துகிறேன், "பிச்சாண்டி, கண்ணத் தொறடா." அவன் திறந்தான். செத்தவன் எழுந்து நிற்பதைப் பார்த்தான், அவன் கையிலிருந்து துப்பாக்கி நழுவி மணலில் பொத்தென்று விழுந்தது, வெடிக்கவில்லை. எங்கிருந்தோ மேடம் கட் கட் என்று கத்துகிறார். "கம்பி உள்ள இருக்கு" என்றேன், யாருக்கும் புரியவில்லை, மறுபடி சொன்னேன். வெடி மாஸ்டர் ஓடிவந்து குழாயில் தண்ணீரை ஊற்றி மருந்தை நனைத்து, குறடு போட்டு இழுத்தார். கம்பி வந்தது, வந்துகொண்டே இருந்தது, அவ்வளவு நீளம். கிண்ணியிலிருந்து குழாய்க்குப் போகிற ஊசித் துளையை அவர் வெயிலில் பிடித்துப் பார்த்தார். "மொதத் தடவ இதுல கரி அடைச்சிருக்கு, அதான் தீ புடிக்கல. ரெண்டாவது தடவ புடிச்சிருக்கும், புடிக்காமயும் போயிருக்கும், யாருக்குத் தெரியும்." மேடம் கம்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். "நான்தாண்ணே கம்பி வேணும்னு நின்னேன். எல்லாரும் வேணாம்னாங்க." மற்ற படம் மாதிரி இருந்திருந்தால் கம்பியே இருந்திருக்காது, சரிதான். ஆனால் கம்பியை மட்டும் வைத்துவிட்டு, தவறாமல் வெடிக்கிற துப்பாக்கியைக் கொடுத்திருந்தால் நான் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். வெடிக்காதது வெடிக்காததாவே இருக்கட்டும் என்று சொன்னதும் மேடத்தின் இதே வாய்தான். எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து முட்டுகிறது, எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை, ஒரு ஊசித் துளைக்குள் அடைக்கிற அளவு கரி, அதற்கு நன்றி சொல்லத்தான் தெரிகிறது. கரிக்கு நன்றி, எறும்புக்கு நன்றி, இமைக்காத இந்தக் கண்ணுக்கு நன்றி. "துப்பாக்கி எப்பவாச்சும் வெடிக்காமயும் போகணும்னு நீங்கதான மேடம் சொன்னீங்க" என்றேன். அவர் அழுதார். மொய்தீன் பாய் இடுப்பு முடிச்சை அவிழ்த்துப் பிஸ்கட்டை எடுத்து என் வாயில் ஒன்று வைத்தார், பாதி உதிர்ந்தது, மணலோடு சேர்த்துத் தின்றேன், அப்படி ஒரு ருசி.

வெளிச்சம் போவதற்குள் என் முகத்தையாவது எடுத்துவிடலாம் என்றார்கள். கம்பி வேண்டாம், மருந்து வேண்டாம், புகையைப் பிறகு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம் என்று மேடமே சொன்னார், நான் மறுபடி அதே பள்ளத்தில் கன்னத்தை வைத்தேன். கேமரா இறங்கி வந்தது. கண் இமைக்கவில்லை, அதெல்லாம் சரி, மூச்சுதான் நிற்கவில்லை. அடக்க அடக்க மார்பு ஏறி இறங்குகிறது, வாயருகே மணல் பறக்கிறது, உயிரோடு இருப்பது இவ்வளவு சத்தமான காரியம் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. "மூச்சு வருதுண்ணே" என்றார் மேடம். "மன்னிச்சுக்குங்க மேடம், அடக்க முடியல." மேடம் சொன்னார், "அந்தத் துப்பாக்கில அடிபட்டவன் உடனே போக மாட்டான். ரொம்ப நேரம் மூச்சு விட்டுட்டுக் கெடப்பான். அதான் சரி. நல்லா விடுங்கண்ணே." விட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மூச்சை நான் ஒரே சமயத்தில் விட்டதில்லை. எடுத்து முடித்ததும் நான் கையை ஊன்றி எழுந்தேன், டீ வந்திருக்குமா என்று பார்த்தேன், கேமரா நகரவில்லை. "ஓடட்டும்" என்று மேடம் கேமராமேனிடம் சொன்னார். "பூஷணம் அண்ணே, இதப் பாத்து ஒரு தடவ சிரிங்க." எனக்குப் புரிய நேரமாயிற்று. முந்நூறு பேரும் நிற்கிறார்கள், ஒரு பிணத்துக்காக. சிரிக்க வாயைத் திறந்தவன் சுற்றிப் பார்த்தேன், பாய் பக்கத்தில் இருந்தார், பிச்சாண்டி இல்லை. குதிரைகள் கட்டியிருக்கிற பனைமரத்தடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அவனிடம் யாரும் போகவில்லை, திட்டக்கூடப் போகவில்லை. "மேடம், அவனையும் கூப்பிடுங்க. அவனும் இன்னைக்குப் பொழச்சவன்தான்" என்றேன். இரண்டு பேர் போய்க் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். என் பக்கத்தில் நிறுத்தினார்கள், நான் அவன் தோளில் கை போட்டேன், சிவப்புக் கோட்டு வேர்வையில் ஈரமாக இருந்தது. கேமரா எங்கள் மூன்று பேரையும் பார்த்தது. பிச்சாண்டி வழக்கம்போல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"கண்ணத் தொறடா" என்றேன். "இங்கதான் இருக்கேன்."